பழைய படகும் புது எஞ்சினும்

திண்டுக்கல் சமவெளியில் இருப்பவர்களுக்குப் படகு என்றதும் கொடைக்கானல் ஏரிதான் நினைவுக்கு வரும். கடல் நமக்கு எட்டாத தூரம். குடகனாற்றிலோ வருஷத்தில் பெரும் பகுதி மணலைத்தான் காணலாம். 1863-ஆம் வருஷத்தில் லெவிஞ்ச் துரை மலைமேல் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். 1890-ல் அங்கே படகுச் சங்கம் ஏற்பட்டது. இன்றைக்கும் அந்த ஏரியில் உல்லாசமாகச் சுற்ற விரும்புகிறவர்களுக்குக் கிடைப்பவை துடுப்புப் படகும் மிதி படகுமே. ஆகையால் நம் ஊர்ப் பிள்ளைகள் படகின் யந்திரம் என்றால் தங்கள் முழங்கால்தான் என்று எண்ணிக் கொண்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து கொண்டு மோட்டார்ப் படகைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. நம் நகரத்தில் பூட்டும் இரும்புப் பெட்டியும் விற்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் வந்திருந்தார். அவருடைய தமக்கை மகன் கொச்சியில் உத்தியோகம் பார்க்கிறான். காயலில் குடும்பத்தோடு உலாவுவதற்கென்று பழைய மோட்டார்ப் படகு ஒன்றை மலிவாய் வாங்கியிருக்கிறான். ஒரு மழைக்காலம் போவதற்குள் எஞ்சின் இறுகிப் போய்விட்டது. "முன்னிருந்ததைவிடப் பெரிதாய்ப் புது எஞ்சின் போட்டுவிடலாம், மாமா, பணம்தான் வேண்டும்" என்று எழுதியிருக்கிறான். "நீர் சயன்ஸ் வாத்தியார் ஆயிற்றே! கொடுக்கலாமா, கூடாதா, சொல்லும்" என்றார் நண்பர். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். படகு இல்லாதவர்களும் படிக்கலாம். கிணற்றில் பம்பு வைத்திருக்கும் எவருக்கும் இந்த விஷயம் புரியும்.

கமலை போய் ஆயில் எஞ்சின் வந்ததையும், ஆயில் எஞ்சின் போய் மின்சார மோட்டார் வந்ததையும் நம் கிராமத்துப் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரை எடுத்துவிட்டுப் பத்துக் குதிரைச் சக்தி மோட்டாரை வைத்தால் என்ன ஆகும்? ஊற்று அதே ஊற்றுத்தான். குழாயும் அதே குழாய்தான். ஒரு மணி நேரம் ஓடிய கிணறு அரை மணியில் வற்றிப்போகும். மின்சாரச் செலவு ஏறியதே மிச்சம். படகிலும் எஞ்சின் என்பது பாதி விஷயந்தான். எஞ்சின் பிறப்பிக்கும் சக்தியை நீரினிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பல்சக்கரங்களும், தண்டும், விசிறியும் சேர்ந்ததை ஆங்கிலத்தில் டிரைவ் என்கிறார்கள். நாம் செலுத்தி என்று வைத்துக்கொள்வோம். படகின் உடல், செலுத்தி, எஞ்சின் என்ற மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் சும்மா இருக்கமாட்டா.

செலுத்தியில் முக்கியமாக மூன்று வகை உண்டு. பழைய வகையில் எஞ்சின் படகின் நடுவில் இருக்கும். அதிலிருந்து நீண்ட தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு போய் விசிறியைச் சுழற்றும். திருப்புவதற்குத் தனியே சுக்கான் வேண்டும். இரண்டாவது வகையில் எஞ்சின், தண்டு, விசிறி எல்லாம் ஒரே உருப்படியாக அமரத்தின் பின் பலகையில் தொங்கும். இதை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். 1909-ல் விற்கத் தொடங்கினார். கடும் கோடையில் ஏரியின் அக்கரையிலிருந்து தம் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு துடுப்பு வலித்து வருவதற்குள் அது உருகிப்போயிற்றாம். அந்த வருத்தத்தில் பிறந்த யோசனை என்று கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும் மோட்டார் நன்றாக ஓடிற்று.

மூன்றாவது வகைதான் நம் கொச்சிப் பிள்ளையின் படகில் இருப்பது. எஞ்சின் அமரத்தில், படகுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும். பின் பலகையில் ஒரு பெரிய துவாரம். அதன் வழியே சக்தி வெளியே வந்து, பல்சக்கரங்களால் கீழ் நோக்கித் திரும்பி, மறுபடியும் பின்னோக்கித் திரும்பி விசிறியை அடையும். வெளியே தொங்கும் இந்தக் காலையே வலமும் இடமும் திருப்பிப் படகைச் செலுத்தலாம். ஆழமில்லாத இடத்தில் மேலே தூக்கிக்கொள்ளலாம். 1959-ல் ஸ்வீடன் தேசத்து வால்வோ பென்டா கம்பெனியார் ஜிம் வின் என்ற அமெரிக்கருடைய யோசனையைக் கொண்டு அக்வாமாடிக் என்ற பெயரில் இதை வெளியிட்டார்கள். அதற்குப் பின் உலகமெங்கும் உல்லாசப் படகுகளில் இது பரவிற்று. சௌகரியம் மிகுந்த ஏற்பாடு. ஆனால் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு பெரிய துவாரத்தைப் போட்டுவிட்டு, அதை ஒரு ரப்பர்த் துருத்தியை நம்பி விட்டிருக்கிற ஏற்பாடு என்பதையும் மறக்கக் கூடாது.

விசிறியைப் பற்றி ஒரு பழைய சம்பவம். பிரான்ஸிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1837-ல் ஒரு சிறு படகில் மரத்தாலான திருகைப் பொருத்தி வாய்க்காலில் ஓட்டிச் சோதித்தார். திருகாணியைப் போல் இரண்டு முழுச் சுற்று உள்ள திருகு அது. சோதனையின் நடுவில் எதிலோ மோதி அதில் பாதி ஒடிந்து போயிற்று. படகு நிற்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்க, அது முன்னைவிட வேகமாய் ஓடத் தொடங்கிற்று! நீரைத் தள்ளுவதற்கு எவ்வளவு திருகு வேண்டுமோ அவ்வளவு போதும், மிச்சமெல்லாம் உராய்வுதான் என்று அந்த ஒடிந்த துண்டு காட்டிக் கொடுத்தது. பிறகு 1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படையார் ராட்லர், அலெக்டோ என்ற ஏறக்குறையச் சமபலமுள்ள இரு கப்பல்களை முதுகோடு முதுகு கட்டி எதிரெதிரே ஓட்டினார்கள். ராட்லருக்குத் திருகு விசிறி. அலெக்டோவுக்குப் பக்கச் சக்கரம். விசிறிக் கப்பல் மற்றதை மணிக்குச் சுமார் மூன்று மைல் வேகத்தில் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போயிற்று. குதிரைச் சக்தியை மாத்திரம் எண்ணிக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் அறிந்திருப்பது நல்லது.

விசிறியின் மீது இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ஒன்று குறுக்களவு, மற்றொன்று புரியளவு. ஒரு சுற்றுச் சுற்றினால் வழுக்காமல் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே புரியளவு. எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றுகிறது. பல்சக்கரம் இரண்டுக்கு ஒன்று. புரியளவு 14 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிறி நிமிஷத்துக்கு 2,000 சுற்று. இரண்டாயிரத்தைப் பதினாலால் பெருக்கினால் 28,000 அங்குலம். மணிக்கு ஏறக்குறைய 43 கிலோமீட்டர். தண்ணீர் மரக்கட்டையல்ல, வழுக்கும். ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 34 கிலோமீட்டர். இப்போது அந்தப் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு நிமிஷத்துக்கு 3,000 சுற்றே சுற்றும் டீஸல் எஞ்சினை வைத்தால்? அதே பல்சக்கரத்தில் விசிறிக்கு 1,500 சுற்றுத்தான் கிட்டும். டீஸலின் முறுக்கு விசை எவ்வளவு அதிகமாயிருந்தாலும், பல்சக்கர விகிதத்தையோ விசிறியையோ மாற்றாவிட்டால் படகு பழைய வேகத்துக்கு வராது. பழைய செலுத்தி 130 குதிரைச் சக்திக்கென்று செய்யப்பட்டிருக்க, அதன் தலையில் 200-ஐக் கட்டினாலோ, ஒரு நாள் பற்கள் நொறுங்கும். எஞ்சினை மாற்றுகிறவர்கள் செலுத்தியையும் கூடவே மாற்றுவது இதனால்தான். வியாபாரிகளின் பேராசை என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

படகின் உடலுக்கு வருவோம். நீரைப் பிளந்துகொண்டு ஊர்ந்து செல்லும் படகு ஒரு ஜாதி. வேகம் பிடித்ததும் எழும்பி நீர்மேல் சறுக்கிச் செல்வது வேறொரு ஜாதி. முதல் ஜாதிப் படகு தானே எழுப்பும் அலைக்குள் அகப்பட்டுக்கொண்டது. அதன் நீர்மட்டத்து நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் அதன் இயல்பான வேக வரம்பு மணிக்கு இத்தனை கடல் மைல் என்று கிடைக்கும். 25 அடிப் படகுக்கு வர்க்கமூலம் ஐந்து, ஆகவே 6.7 கடல் மைல், அதாவது 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் எத்தனை பெரிய எஞ்சினைப் பூட்டினாலும் அமரம் தாழ்ந்து, அணியம் வானத்தைப் பார்த்து, பெட்ரோல் ஆவியாய்ப் போகுமே ஒழியப் பிரயாணம் துரிதப்படாது.

இந்த உண்மையை நமக்கு அடுத்த கடற்கரையிலேயே பெரிய அளவில் கண்டிருக்கிறார்கள். 1952 அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாட்டு ஸ்தாபனமும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. 1953-ல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடி அபிவிருத்தி வேலை ஆரம்பமாயிற்று. அவ்வூர் வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்திவிடலாம் என்பதுதான் முதல் எண்ணம். எளிய யோசனைதான், செலவும் குறைவு. ஆனால் துடுப்புக்கும் பாய்க்கும் என்று தலைமுறை தலைமுறையாய் உருப்பெற்ற உடல், எஞ்சினின் கனத்துக்கும் அதிர்ச்சிக்கும் ஏற்றதாயில்லை. அலையடிக்கும் கரையில் ஏற்றி இறக்கும்போது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறியை என்ன செய்வது? முடிவில் 22 அடி, 25 அடி அளவில் எஞ்சினுக்கென்றே வேறு படகுகளைக் கட்டினார்கள். அவற்றைக் கடற்கரை மணலில் இழுத்துப் போட இயலாது, துறைமுகம் வேண்டும். நீண்டகரையில் காயல் முகத்துவாரம் இருந்தது. அப்படி வாய்க்காத கடற்கரைக் கிராமங்கள் அநேகம். எஞ்சினை மாற்றப் போய், படகை மாற்றி, ஊரின் தொழிலையே மாற்ற வேண்டியதாயிற்று.

மணற்கரைக் கிராமங்களுக்கு விடை பிற்பாடு கிடைத்தது. 1980-களில் அமரத்தில் தொங்கவிடும் மோட்டார்கள் கேரள வள்ளங்களுக்கு ஏராளமாய் வந்தன; கரை நெருங்கியதும் தூக்கிவிடலாம் என்பதே அவற்றின் பெருமை. தமிழ்நாட்டுக் கரையில் நீண்ட வால் போன்ற தண்டுடைய டீஸல் எஞ்சின்கள் பரவின. 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பின் வந்த கண்ணாடி நார்ப் படகுகளில் அவற்றைச் சாதாரணமாய்க் காணலாம். சென்னையில் காரியாலயம் வைத்திருந்த வங்காள விரிகுடாத் திட்டத்தார் 1980-களில் இன்னொரு சாதனத்தைச் சோதித்தார்கள். அதில் எஞ்சின், தண்டு, விசிறி மூன்றும் நம் ஏற்றத்தின் துலாவைப்போல் ஒரே அச்சில் ஆடும். எஞ்சினை ஒரு புறம் சாய்த்தால் விசிறி மறுபுறம் மேலே வந்துவிடும். படகு மணலில் ஏறலாம். அமெரிக்கச் சீமான் தம் உல்லாசப் படகின் காலைப் பொத்தானை அமுக்கித் தூக்குவதும், நம் மீனவர் அலை நடுவே எஞ்சினைச் சாய்ப்பதும் ஒரே பிரச்னைக்கு இரு விடைகள். இரண்டாவதில் எனக்கு மதிப்பு அதிகம். அதைத் தப்பாகச் செய்தால் படகே கவிழும்.

இனி நண்பரின் மருமகனுடைய படகு. புது எஞ்சினுக்கு விலை விசாரிக்குமுன் அவன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: பழைய எஞ்சின் ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பது. காயல் நீர் உப்பு நீர். பல படகுகளில் எஞ்சினைக் குளிர்விக்க அந்த நீரையே உறிஞ்சி உள்ளே செலுத்தி, பிறகு புகையோடு கலந்து வெளியே விடுகிறார்கள். புகை போகும் இரும்பு வளைகுழாய் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே வரும். வெளியே வர்ணம் பளபளவென்று இருக்கும். ஒரு நாள் ஓட்டை விழுந்து, உப்பு நீர் சிலிண்டருக்குள் இறங்கும். அப்படியே நான்கு வாரம் நிறுத்தி வைத்தால் எஞ்சின் இறுகிவிடும். அந்த வளைகுழாயை மாற்றாமல் புது எஞ்சினை வைத்தால் அதற்கும் அதே கதிதான். உறிஞ்சும் பம்பில் ரப்பர் இதழ்கள் உள்ள சக்கரம் ஒன்றுண்டு. அது கிழிந்து எஞ்சின் சூடேறிச் செத்திருந்தால் கதை வேறு. ஆகவே நண்பரிடம் சொன்னேன்: "பணம் அனுப்புவதற்குமுன் நான்கு விவரம் எழுதச் சொல்லுங்கள். பழைய எஞ்சின் இறுகியதன் காரணம்; அதன் எடை; செலுத்தியின் மேல் உள்ள விகிதம்; விசிறியில் பொறித்த எண்கள். இவற்றை எழுதத் தெரியாதவன் கையில் பணம் கொடுப்பது காயலில் போடுவதற்குச் சமானம்."

எஞ்சினை வெளியே தூக்கியதும் இன்னொரு பரீட்சை இருக்கிறது. கண்ணாடி நார்ப் படகு முழுவதும் கண்ணாடி நார் என்று நினைக்கிறார்கள். பழைய படகுகளில் எஞ்சின் உட்காரும் நீண்ட கட்டைகளிலும், பின் பலகையிலும், உள்ளே மரம் வைத்து மேலே நாரும் பசையும் பூசியிருக்கும். ஒரு திருகாணித் துளை வழியாய் நீர் கசிந்தால் போதும். வருஷக்கணக்கில் உள்ளேயே ஊறி, மரம் வெற்றிலைச் சக்கைபோல் ஆகிவிடும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடத்தில் கணீரென்றும் கெட்ட இடத்தில் மொத்தென்றும் கேட்கும். சந்தையில் தேங்காய் தட்டத் தெரிந்தவர்களுக்கு இது கடினமல்ல. மொத்தென்று கேட்டால் எஞ்சின் விஷயத்தை நிறுத்திவிட்டு முதலில் மரவேலை செய்ய வேண்டும். பலர் படகு வேலையைப் பாதியில் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். எஞ்சின் விலைக்குப் பணம் வைத்திருப்பார்கள், இதற்கு வைத்திருக்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒரு புத்திசாலி வந்து, "உடைந்த மோட்டார் காரிலிருந்து எஞ்சினைக் கழற்றி வைத்துவிடலாமே, பாதி விலைதானே?" என்பார். படகு எஞ்சின்களில் அநேகம் கார் எஞ்சின் வம்சத்தில் பிறந்தவையே. அதனால் இந்த வாதம் நியாயமாய்த் தோன்றும். ஆனால் சமதரையில் ஓடும் கார் தன் பலத்தில் சிறு பங்கைத்தான் செலவிடுகிறது. படகுக்கு இறக்கமே கிடையாது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலையேறும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்றம் முடியவே முடியாமல் நாள் முழுவதும் நீண்டால் எப்படியோ, அப்படித்தான் படகு எஞ்சின் உழைக்கிறது. அதைவிட முக்கியமானது நெருப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் தெருவோடு போய்விடும். படகில் கசிந்தால் போக வழியின்றி அடிவயிற்றில் தங்கும். கார் ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு சிறு பொறி பறந்தால் படகு வெடிக்கும். படகுக்கென்று செய்த ஸ்டார்ட்டரிலும் மின்சார உறுப்புகளிலும் பொறி வெளியே வராதபடி மூடியிருப்பார்கள். அப்படியிருந்தும் எஞ்சினைக் கிளப்புமுன் அடிவயிற்றுக் காற்றை வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது நான்கு நிமிஷம் ஓடவிடவேண்டும் என்பது விதி. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் படகில் கார் ஸ்டார்ட்டரைப் பொருத்துகிறவனோடு எனக்குச் சிநேகம் வேண்டாம்.

புது எஞ்சினை இறக்கி வைப்பது பெரிய வேலை அல்ல. ஒரு கப்பியும் நாலு ஆளும் போதும். நேர் பார்த்து வைப்பதுதான் வேலை. நீண்ட தண்டு வகையில் எஞ்சின் பக்கத்தில் ஒரு தட்டும் தண்டின் பக்கத்தில் ஒரு தட்டும் இருக்கும். அவை ஒட்டும் இடத்தில் மெல்லிய தகடுகளைச் செருகி நாலு புறமும் அளப்பார்கள். தட்டு 4 அங்குல அகலமானால் இடைவெளியின் வேற்றுமை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்குக்குள் இருக்கவேண்டும். இதைக் கடைசியாய்ச் சரிபார்ப்பது படகு நீரில் மிதக்கும்போதுதான். தரையில் கட்டைமேல் நிற்கும் படகு கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கும், நீரில் இறங்கியதும் வேறு உருவம் கொள்ளும். வெளிக்கால் உள்ள வகையில், காலைப் பொருத்துமுன் ஓர் இரும்புத் தண்டைப் பின் பலகையின் பேரிங் வழியாக எஞ்சினுக்குள் செருகிப் பார்ப்பார்கள். விரல் பலத்திலேயே நுழைந்து விரல் பலத்திலேயே வெளிவரவேண்டும். சுத்தியல் எடுத்தால் தவறு.

காலைப் பொருத்தும்போது அந்த ரப்பர்த் துருத்தி பழையதாயிருந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும். அது கிழிந்தால் முதலில் மூட்டுகள் துருப்பிடிக்கும். பின்பு, கட்டிப் போட்ட இடத்திலேயே, யாரும் பார்க்காத இரவில் படகு மெல்ல மூழ்கும். காலின் மேல் சிறு உலோகக் கட்டிகள் இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். உப்பு நீரில் அலுமினியமும் எஃகும் சேர்ந்திருப்பது எங்கள் பள்ளிக்கூட ஆராய்ச்சிசாலையில் வைக்கும் மின்கலம் போன்றதுதான். ஏதாவது ஒன்று கரைந்தே தீரும். துத்தநாகக் கட்டியை வைத்தால் அது கரைந்து காலைக் காப்பாற்றும். அதற்கு யாரோ அழகாக வர்ணம் பூசிவிட்டால் அது வேலை செய்யாது, கால் கரையும்.

எடையைப் பற்றி நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்கு உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். நிலக்கோட்டைப் பக்கத்து வயல்களுக்கு வந்து சேரும் பெரியாற்று நீர்தான் அது. நம் ஊர்களிலிருந்து வருஷந்தோறும் ஜனங்கள் உலாவப் போகிற இடம். அந்தப் படகுக்கு எஞ்சின் கோளாறு அல்ல. நிலைத்திருக்கும் தன்மையே கோளாறு. பாரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததே மிதக்கும் எந்தப் பொருளின் ஸ்திரமும். ஒரு படகில் பழையதைவிட நூறு கிலோ கனமான எஞ்சினை அமரத்தில் வைப்பது, இரண்டு ஆட்களை எந்நேரமும் அங்கேயே உட்கார்த்தி வைப்பதற்குச் சமம். அமரம் தாழும், பின் பலகையின் விளிம்புக்கும் நீருக்கும் உள்ள தூரம் குறையும், திடீரென்று வேகத்தைக் குறைத்தால் தன் அலையே பின்னாலிருந்து ஏறி உள்ளே விழும். எஞ்சின் எடை மாறினால் எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கும் மாறும். பழைய பலகையில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி ஏறக்கூடாது.

"மின்சார மோட்டாரே வைத்துவிட்டால் என்ன?" என்றும் நண்பர் கேட்டார். கொச்சிக்குத் தெற்கே வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியிலிருந்து ஆதித்யா என்ற சூரிய சக்திப் படகு ஓடுகிறது. 75 பேர் ஏறலாம். அதற்கு இரண்டு மோட்டார்கள். ஒவ்வொன்றும் 20 கிலோவாட், இரண்டும் சேர்ந்து சுமார் 54 குதிரைச் சக்தி. ஆறு பேர் ஏறும் உல்லாசப் படகுக்கு 130 கேட்கிறோமே, 75 பேருக்கு 54 எப்படிப் போதும்? அது நிதானமாய்ப் போகிறது. அதோடு, பழைய மரப்படகு ஒன்றில் மோட்டாரைச் செருகாமல், இரட்டை உடலுள்ள இலேசான படகை அதற்கென்றே கட்டினார்கள். நீண்டகரையில் கிடைத்த பாடம் வைக்கத்தில் முதலிலேயே தெரிந்திருந்தது. வேகமாய்ச் சறுக்கும் படகுக்கு மின்சாரம் இன்னும் கஷ்டம். எஞ்சினில் வீணாகும் சூட்டைக் கழித்த பின்பும் ஒரு கிலோ பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்யப் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பாட்டரி வேண்டும். அந்தப் பாரத்தோடு படகு எழும்பிச் சறுக்குவது எங்ஙனம்? அந்தப் பிள்ளை காயலில் மெல்ல ஊர்ந்து, கொக்கும் நாரையும் பார்த்து வருவதாயிருந்தால் வேறு படகு தேடி, மின்சார மோட்டார் வைத்துக்கொள்ளட்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இளைஞர்கள் கொக்கு பார்க்கப் படகு வாங்குவதில்லை.

எல்லாம் பொருத்தி முடித்தபின் முதல் ஓட்டத்தில் பார்க்க வேண்டியது கரையில் நிற்பவர்களின் கைதட்டலை அல்ல, சுற்று காட்டும் கடிகாரத்தை. வழக்கமாய் ஏறும் ஆட்களும் நிறைந்த பெட்ரோல் தொட்டியும் இருக்க, விசையை முழுவதும் திறந்தால், எஞ்சின் செய்தவர்கள் குறித்திருக்கும் சுற்று எல்லைக்குள் முள் வந்து நிற்கவேண்டும். 4,400 முதல் 4,800 வரை என்று குறித்திருக்க 4,000-த்தோடு நின்றுவிட்டால் விசிறியின் புரியளவு அதிகம். எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. எல்லையைத் தாண்டினால் புரியளவு குறைவு. புரியளவில் ஓர் அங்குலம் மாற்றினால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று மாறும் என்பது தொழிலாளிகளின் கணக்கு. ஆகையால் இரண்டு மூன்று விசிறிகளை இரவல் வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு விலைக்கு வாங்குவார்கள், விவரம் தெரிந்தவர்கள். திரும்பி வந்ததும் அடிவயிற்றைத் திறந்து நீரோ எண்ணெயோ பெட்ரோல் வாசனையோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முதல் இருபது மணி நேர ஓட்டத்துக்குப் பின் எண்ணெயை மாற்றி, மரைகளை இறுக்கி, எஞ்சின் நேராயிருக்கிறதா என்று மறுபடியும் அளக்கவேண்டும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கால்கள் அதற்குள் சற்றே அமுங்கியிருக்கும்.